அடுத்த வீட்டில் வைத்த அஞ்சல்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்பொழுது, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர் தவறாது செய்யும் காரியம் ஒன்று உண்டு. பால்காரரிடம் சொல்லி, செய்தித்தாளை நிறுத்தி, பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்த பின்னர், அடுத்த வீட்டு அம்மையாரிடம், “தபால் ஏதும் வந்தால் வாங்கி வைத்திருங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ரயிலேறுகிறோம். அவ்வம்மையார் பஞ்சாபியராக இருக்கலாம், மராத்தியராக இருக்கலாம். தமிழில் ஓரெழுத்தும் அறியாதவராக இருக்கலாம். ஆயினும் வந்த உறைகளை அவர் பத்திரமாக வாங்கி வைக்கிறார். பிரித்துப் பார்ப்பதில்லை, அனுப்பியவர் யார் என்று வினவுவதுமில்லை. மாதம் ஒன்று கழித்து நாம் திரும்பியதும், கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து கையில் தருகிறார்.

மின்னஞ்சல் உலகிலும் இவ்வண்ணமே அண்டை வீட்டார் ஏற்பாடு ஒன்று பல்லாண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. மாற்று அஞ்சல் சேவையகம் என்று அதனைக் கூறலாம். ‘பேக்கப் மெயில் சர்வர்’ என்பது தொழில் செய்வோர் வாயில் வழங்கும் பெயர். அஃது எவ்வாறு தோன்றியது, எவ்வளவு நன்றாக உழைத்தது, பின்னர் குப்பை அஞ்சலின் பெருக்கத்தால் அதன் நற்குணமே எவ்வாறு அதற்கு வினையாய் முடிந்தது என்பதை இங்கே காண முற்படுகிறோம். சில ஆண்டுகள் அத்தொண்டினைச் செய்து அதன் இனிப்பையும் கசப்பையும் சுவைத்தவர்கள் ஆதலின், இது நமக்கு வெறும் ஏட்டு வரலாறு அன்று.

கணினிகளுக்கிடையே வலைப்பின்னல் வழியாக அஞ்சல் செல்லத் தொடங்கியது 1971-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், பி.பி.என். என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன், ஒரே அறையில் அருகருகே நின்ற இரு கணினிகளுக்கிடையே ஆர்ப்பாநெட் வலைப்பின்னல் வழியாக முதற்கடிதத்தை அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக்காட்ட ‘@’ என்னும் குறியைத் தேர்ந்தவரும் அவரே. அக்காலத்தில் வலைப்பின்னலில் இருந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரு கணினி தனக்குரியதல்லாத கடிதத்தைப் பெற்றால், உரிய இடத்திற்குத் தள்ளி உதவுவது கடமையாகவே கருதப்பட்டது. வழியில் கிடந்த உறையை எடுத்து அருகிலுள்ள தபால்பெட்டியில் போடும் வழிப்போக்கனின் மனம் அது.

தொலைபேசிக் கம்பியை நம்பியிருந்த இடங்களில் இவ்வுதவி இன்னும் இன்றியமையாததாயிற்று. யு.யு.சி.பி. என்னும் முறையில், ஒரு கணினி மற்றொரு கணினியைத் தொலைபேசியில் அழைத்து, தன்னிடம் சேர்ந்த கடிதங்களை ஒப்படைத்து, தனக்குரியவற்றைப் பெற்றுக்கொள்ளும். கட்டணம் குறைந்த இரவு நேரத்தில்தான் பெரும்பாலும் இவ்வழைப்பு நிகழும். ஒரு கடிதம் நான்கைந்து கணினிகளில் இரவு இரவாகத் தங்கித் தங்கிச் செல்லும். அந்நாளைய யாத்திரிகர் சத்திரந்தோறும் இளைப்பாறிக் காசிக்குச் சென்றதைப் போன்றது அப்பயணம்.

நம் நாட்டிற்கு மின்னஞ்சல் வந்த வழியும் இதுவே. 1986-இல், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு மத்திய அரசின் மின்னணுத் துறை ஏர்னெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலைப்பின்னலைத் தொடங்கியது. பம்பாயில் அப்பொழுதிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், டில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து இடங்களின் ஐ.ஐ.டி.கள் ஆகியவை அதில் முதலில் இணைந்தன. பம்பாயில் தொலைபேசி வழியே கடிதங்கள் கைமாறின. மழைக்காலத்தில் கம்பி கரகரத்தால் அன்றைய அஞ்சல் அவ்வளவுதான். கம்பி அறுவதும் மின்சாரம் போவதும் விதிவிலக்கல்ல, நாள்வழக்கம். பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995, ஆகஸ்டு 15-இல்தான் விதேஷ் சஞ்சார் நிகாம் வாயிலாகக் கிட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மின்னஞ்சலைப் பயன்படுத்தியோர்க்கு, யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் தம் கடிதத்தை வைத்திருந்து தருவார் என்ற நம்பிக்கையே மூலதனம்.

இந்நம்பிக்கைக்குச் சட்டவடிவம் தந்தது களப் பெயர் முறை. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறை வெளியாயிற்று. அடுத்த ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் களப் பெயர்களுக்கான பதிவேட்டு முறையை வகுத்தார். அதில் அஞ்சலுக்கென இருவகைப் பதிவுகள் இருந்தன: கடிதம் போய்ச் சேரும் கணினி ஒன்று, சேர முடியாதபோது வாங்கி வைத்து அனுப்பும் கணினி மற்றொன்று. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு வழிதேடுவது சிக்கலாகவே, 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் என்பார் எழுதிய நெறிக்குறிப்பு இரண்டையும் நீக்கி, எம்.எக்ஸ். என்னும் ஒரே பதிவை நிலைநாட்டிற்று.

அதன் அமைப்பு எளிமையானது, அழகானதும்கூட. ஒரு நிறுவனம் தன் களப் பெயருக்கு எதிரே, அஞ்சல் பெறும் கணினிகளை எண்ணிட்டு எழுதி வைக்கிறது. தன் சொந்தக் கணினிக்கு 10 என்றும் நண்பரின் கணினிக்கு 20 என்றும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அனுப்புகின்றவர் சிறிய எண்ணை முதலில் அணுக வேண்டும். அங்கே கதவு திறக்கவில்லையாயின் பெரிய எண்ணுக்குச் செல்லலாம். 20 என்ற எண்ணுக்குரியவர் கடிதத்தை வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டு, சிறிது நேரத்திற்கு ஒருமுறை 10-இன் கதவைத் தட்டிப் பார்ப்பார். கடிதம் இருவருக்கிடையே பந்துபோல் முடிவின்றிச் சுழலாதிருக்கவும் வழி செய்யப்பட்டது. பட்டியலில் தன் பெயரைக் காணும் கணினி, தன் எண்ணையும் அதற்குச் சமமான, பெரிய எண்களையும் அடித்துவிட்டு, தன்னினும் சிறிய எண்ணுக்கே கடிதத்தைத் தர வேண்டும் என்பது விதி. இரண்டு அண்டை வீட்டார், “நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று உறையை மாறி மாறி நீட்டிக்கொண்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். விதியை வகுத்தவரும் பார்த்திருப்பார் போலும்!

பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று இத்தொண்டினைக் கைம்மாறு கருதாது செய்தன. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பதில்லை. “எங்கள் பெயரை உங்கள் பதிவேட்டில் இருபதாக எழுதிக்கொள்ளுங்கள், உங்களுடையதை எங்களுடையதில் எழுதிக்கொள்கிறோம்” என்னும் ஒரு கடிதம் போதும்.

வைத்த அஞ்சலைத் திரும்ப வாங்குவதில் ஒரு சங்கடம் இருந்தது. பழைய நெறிமுறையில் ‘டர்ன்’ என்றொரு கட்டளை உண்டு. அழைத்த கணினி, “நான் இன்னார், எனக்குரியதைக் கொடு” என்று சொன்னால், மறுபக்கம் எடுத்துக் கொடுத்துவிடும். சொல்பவர் உண்மையில் இன்னார்தாமா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வாசலில் நிற்பவர் யாராயினும், “நான் அடுத்த வீட்டுக்காரரின் மைத்துனன்” என்றால் கட்டைக் கொடுத்துவிடும் வெள்ளந்தித்தனம் அது. 1996-இல் வந்த ‘இ-டர்ன்’ என்னும் திருத்தம் இக்குறையைத் தீர்த்தது. கேட்டவரின் கையில் கொடாமல், பதிவேட்டிலுள்ள வீட்டிற்குத் தானே நடந்து சென்று கொடுக்கும் முறை இது. நாள் முழுதும் இணைப்பு வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு நிறுவனங்கள் காலையும் மாலையும் தொலைபேசியில் இணைந்து, தமக்காக வைத்திருந்த அஞ்சலை இவ்வாறு பெற்றுக்கொண்டன. தொண்ணூறுகளின் இறுதியில் மாற்றுச் சேவையகம் என்பது ஆடம்பரமன்று. அதுவே பலருக்கு முதன்மை வாயில்.

இனி, அழையா விருந்தாளியின் வரலாற்றுக்கு வருவோம்.

வேண்டாத கடிதம் வந்து குவிந்தால் என் செய்வது என்னும் கவலை மிகப் பழையது. 1975 நவம்பரிலேயே, மேற்சொன்ன ஜான் போஸ்டல் இதுபற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். அனுப்புகின்ற கணினி ஒழுங்கு தவறினால், பெறுகின்ற கணினி அதனை மறுக்க வழியில்லையே என்பது அவர் முறையீடு. மூன்றாண்டுகள் கழித்து, 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைத் துறையைச் சேர்ந்த கேரி தர்க், தம் நிறுவனத்துப் புதிய கணினிகளைக் காண வருமாறு ஏறக்குறைய நானூறு பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். கடுங்கண்டனம் எழுந்தது, அத்துடன் பல்லாண்டுகள் அமைதி நிலவியது. 1994 ஏப்ரல் 12 அன்று, அரிஸோனா மாநிலத்து வழக்கறிஞர் இருவர், அமெரிக்கக் குடியேற்ற அனுமதிச் சீட்டு பற்றிய விளம்பரத்தை யூஸ்நெட் செய்திக் குழுக்கள் ஐயாயிரத்திற்கு மேற்பட்டவற்றில் ஒட்டியபொழுது அவ்வமைதி நிலையாகக் கலைந்தது. ‘ஸ்பாம்’ என்ற பெயரோ, 1937 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் டப்பா இறைச்சியின் பெயர். சிற்றுண்டிச் சாலையில் எதைக் கேட்டாலும் அதனோடு இவ்விறைச்சியும் வரும் என்று பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவினர் 1970-இல் நடித்துக் காட்டிய காட்சியிலிருந்து அது கணினி உலகிற்கு வந்தது.

வழிப்போக்கரின் உதவிதான் முதற்பலியாயிற்று. யார் தந்த கடிதத்தையும் யாருக்கும் கொண்டு சேர்க்கும் கணினிகளைத் திறந்த ரிலே என்பர். விளம்பரக்காரர் ஒரே கடிதத்தை ஆயிரம் முகவரிகளுடன் அத்தகைய கணினி ஒன்றிடம் தந்துவிட்டுப் போய்விடுவார். உழைப்பும் செலவும் வசவும் அக்கணினிக்கு. 1997-இல் பால் விக்ஸி முதலானோர் இத்தகைய கணினிகளின் முகவரிகளைத் தொகுத்துத் தடைப் பட்டியல் ஒன்றை வெளியிடத் தொடங்கினர். அவர்கள் அமைப்பின் பெயர் மாப்ஸ். ஸ்பாம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக எழுதினால் வரும் பெயர் அது! எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் என்னும் மென்பொருள்தான் அந்நாளில் பெரும்பாலான அஞ்சலைச் சுமந்தது. 1998-இல் வெளிவந்த அதன் 8.9 பதிப்பு, பிறருக்கு அஞ்சல் சுமக்கும் கதவைத் தானாகவே மூடி வைத்தது. வேண்டுவோர் முயன்று திறந்துகொள்ளலாம். ஜான் கில்மோர் என்னும் இணைய உரிமைப் போராளியோ, ஊர் ஊராகச் செல்லும் தம் நண்பர்கள் எங்கிருந்தும் கடிதம் அனுப்ப வேண்டுமே என்று அதற்குப் பின்னரும் தம் கணினியைத் திறந்தே வைத்திருந்தார். கொள்கைப் பிடிப்பை மெச்சலாம். ஆயின் ஊரார் அவர் வீட்டிலிருந்து வரும் கடிதங்களை வாங்க மறுத்தனர்.

முன்வாயில் மூடியதும் விளம்பரக்காரர் கண் கொல்லைப்புறத்திற்குச் சென்றது. மாற்றுச் சேவையகமே அக்கொல்லைப்புறம். பெரிய எண்ணை முதலில் அணுகலாகாது என்னும் விதியை மதிக்க அவருக்கு என்ன கட்டாயம்? முதன்மைக் கணினி விழித்திருக்கும்பொழுதே, வேண்டுமென்றே அவர் இருபதாம் எண்ணின் கதவைத் தட்டலானார். காரணங்கள் வலுவானவை. முதன்மைக் கணினியில் வடிகட்டி இருக்கும். நட்புக்காகத் தொண்டு செய்யும் மாற்றுக் கணினியில் அஃது இராது. அன்றியும், மாற்றுக் கணினியின் வழியே வரும் கடிதத்தை முதன்மைக் கணினி சந்தேகிப்பதில்லை. வந்து நிற்பது பழகிய நண்பர் அன்றோ? தடைப் பட்டியலில் தேட வேண்டியது உண்மையாக அனுப்பியவரின் முகவரியை. கண்ணெதிரே தெரிவதோ நண்பரின் முகவரி.

இதனினும் பெரிய தொல்லை ஒன்றுண்டு. அடுத்த வீட்டு அம்மையாருக்கு நம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியும். மாற்றுச் சேவையகத்திற்கு அது தெரியாது. களப் பெயர் சரியாக இருந்தால், அதன் முன்னே எந்த ஆள் பெயர் இருப்பினும் வாங்கி வைத்துக்கொள்ளும். விளம்பரக்காரரோ அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர்களைக் கற்பித்து எழுதுவார். வாங்கிய கடிதத்தை முதன்மைக் கணினியிடம் தரும்பொழுது, “இப்பெயருடையார் இங்கில்லை” என்று அது மறுக்கும். நெறிமுறைப்படி, வாங்கியவர் பொறுப்பேற்றவர் ஆதலால், சேர்க்க முடியவில்லை என்ற அறிவிப்பை அனுப்பியவருக்கு எழுத வேண்டும். அனுப்பியவர் முகவரியோ பொய். எங்கோ இருக்கும் குற்றமறியாத ஒருவருடையது. அவருக்கு, தாம் எழுதாத கடிதம் திரும்பியதாக நம்மிடமிருந்து அறிவிப்பு செல்லும். ஒன்றன்று, நூறன்று. ‘பேக்ஸ்கேட்டர்’ என்று இதனைக் கூறுவர், பின்தெறிப்பு எனலாம்.

இது எங்கள் தலையிலும் விழுந்தது. வடநாட்டு நகரம் ஒன்றில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் சிறிய நிலையம் ஒன்றுக்கு, நண்பர்கள் நாங்கள் மூவர் வேறொரு நகரிலிருந்து மாற்றுச் சேவையகம் நடத்தி வந்தோம். அவர்களுடைய இணைப்பு வாரத்தில் இரண்டு நாள் படுத்துவிடும்; எங்களிடம் தங்கிய கடிதங்கள் பின்னர் ஒழுங்காகச் சென்று சேரும். காசு பேசவில்லை, தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்பு வரும். ஒரு நாள் காலை வரிசையைப் பார்த்தால், நிலையத்தில் இல்லாத ‘ராபர்ட்’களுக்கும் ‘ஜெனிபர்’களுக்கும் வந்த கடிதங்கள் மலையாய்க் கிடந்தன. அவற்றைத் திருப்பும் முயற்சியில் எங்கள் கணினி இரவெல்லாம் அன்னியர்களுக்கு அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தது. சில நாட்களில் எங்கள் முகவரியே ஒரு தடைப் பட்டியலில் ஏறிற்று.

அதன் விளைவு எங்களோடு நின்றிருந்தால் இதனை இவ்வளவு விரித்துரைக்க மாட்டோம். எங்கள் கணினியில் கணக்கு வைத்திருந்த நண்பர் ஒருவரின் மகள், கல்லூரி ஒன்றுக்குத் தன் இடத்தை உறுதி செய்து கடிதம் எழுதியிருந்தாள். பட்டியலைக் கண்டு அக்கல்லூரியின் கணினி வாங்க மறுத்தது. ‘திரும்பிற்று’ என்ற அறிவிப்பு அவளுக்கு முறையாகவே வந்தது. ஆனால் அம்மாதம் முழுதும் தான் எழுதாத கடிதங்கள் திரும்பியதாக எங்கெங்கிருந்தோ வந்த அறிவிப்புகளை நாள்தோறும் அழித்து அழித்துப் பழகியிருந்த பெண், இதனையும் படியாமலே அழித்துவிட்டாள். கெடு கடந்தது. அவ்விடம் வேறொருவருக்குச் சென்றது. வீட்டில் யாரும் எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை; அதுதான் எங்களுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

பரிகாரங்கள் உண்டு, அவை அப்பொழுதே அறியப்பட்டுமிருந்தன. தலையாயது, பெயர்ப் பட்டியலைப் பகிர்ந்துகொள்வது. முதன்மைக் கணினி தன் வீட்டிலுள்ளோர் பெயரை மாற்றுக் கணினிக்கு நாள்தோறும் அனுப்பிவிட்டால், இல்லாத பெயருக்கு வரும் கடிதத்தை வாசலிலேயே மறுத்துவிடலாம். வாங்காத கடிதத்திற்குப் பொறுப்பில்லை. அறிவிப்பு எழுதவும் வேண்டா. வீட்சே வெனிமா எழுதிய போஸ்ட்பிக்ஸ் போன்ற மென்பொருள்களில் இதற்கென்றே வசதி செய்யப்பட்டது. 2003-இல் எவான் ஹாரிஸ் வெளியிட்ட ‘கிரேலிஸ்டிங்’ என்னும் உபாயம், அறிமுகமற்றவரை, “சற்றுப் பொறுத்து வாருங்கள்” என்று திருப்பும். மெய்யான அஞ்சல் சேவையகம் மீண்டும் வரும். அவசரக்கார விளம்பரக் கணினி பெரும்பாலும் வாராது. ஆயின் இதனை முதன்மை வாயிலில் மட்டும் வைத்தால் பயனில்லை. அங்கே பொறுக்கச் சொல்லப்பட்டவர் அடுத்த கணத்தில் இருபதாம் எண்ணுக்கு வந்து நுழைந்துவிடுவார். இரு வாயிலுக்கும் ஒரே காவல் வேண்டும். நட்புக்காகச் செய்யும் தொண்டில் அவ்வளவு ஒழுங்கு அமைவது அரிது.

ஆகவே இரண்டாயிரத்திற்குப் பிந்தைய ஆண்டுகளில், மாற்றுச் சேவையகமே தேவையில்லை என்று வாதிப்போர் பெருகினர். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. 1989-இல் வகுத்த இணைய விதிகளே, கடிதம் சேரவில்லையாயின் அனுப்பும் கணினி குறைந்தது நான்கைந்து நாட்கள் மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்கின்றன. நம் வீடு ஒரு நாள் பூட்டியிருந்தால், தபால்காரர் மறுநாள் வருவார். அண்டை வீட்டில் கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. எனினும் இவ்வாதத்தை நாம் முற்றும் ஏற்கவில்லை. எல்லாக் கணினிகளும் விதிப்படி ஐந்து நாள் காத்திருப்பதில்லை. காத்திருக்கும் கணினியும், நான்கு மணி நேரம் கழிந்ததுமே, “உங்கள் கடிதம் தாமதமாகிறது” என்று அனுப்பியவருக்கு எழுதிக் கலவரப்படுத்துவதுண்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியாவுக்கு அருகே கடலடிக் கம்பிகள் அறுந்து, நம் நாட்டின் வெளியிணைப்பு பெரிதும் தளர்ந்தபொழுது, கம்பிக்கு அப்பால் நம்பத்தகுந்த அண்டை வீட்டார் ஒருவர் இருப்பதன் அருமை தெரிந்தது. தன் மாற்றுச் சேவையகத்தில் எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம். ஊரார் கணினியில் அதனைத் தீர்மானிக்க நம்மால் இயலாது. வாரக்கணக்கில் இணைப்பிழக்கும் இடங்களுக்கு இவ்வேறுபாடு பெரிது.

சட்டமும் தன் பங்கிற்கு வந்தது. அமெரிக்கா 2003-இல் வேண்டாத அஞ்சலுக்கெதிராக ஒரு சட்டம் இயற்றியது. அதனால் குப்பை குறைந்ததாக எங்கள் வாசலில் தெரியவில்லை. 2008 நவம்பரில், கலிபோர்னியாவில் விளம்பரக் கணினிகளுக்கு இடமளித்து வந்த மெக்கோலோ என்னும் நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்த அன்றுதான், உலகின் குப்பை அஞ்சல் ஒரே நாளில் பாதிக்கு மேல் வீழ்ந்தது. சில மாதங்களில் அது பழையபடி பெருகியதும் உண்மை. அனுப்பும் கணினிக்கு அவ்வுரிமை உண்டா என்று சோதிக்கும் எஸ்.பி.எப்., கடிதத்திற்கு முத்திரையிடும் டி.கே.ஐ.எம். ஆகியவை 2006, 2007 ஆண்டுகளில் நெறிக்குறிப்புகளாக வெளிவந்தன. இவற்றுள் முன்னதும் மாற்றுச் சேவையகத்திற்கு ஒரு முட்டுக்கட்டையே. அதன் வழியே வரும் நேர்மையான கடிதமும், உரிமையில்லாத முகவரியிலிருந்து வந்ததாகத் தோன்றும். முதன்மைக் கணினி தன் நண்பருக்கு மட்டும் அச்சோதனையை விலக்க வேண்டும்.

எங்கள் வரிசையைக் காலி செய்து, பெயர்ப் பட்டியலை நாள்தோறும் வாங்கும் ஏற்பாட்டைச் செய்து, தடைப் பட்டியலிலிருந்து மீண்ட பின்னும் சில ஆண்டுகள் அத்தொண்டு தொடர்ந்தது. பட்டியலில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்களே இருந்தன. வாசலில் மறுக்கப்பட்டவையோ எண்ணில. பின்னர் தமிழ் நிலையத்தார், பலரையும் போலவே, தம் அஞ்சலைப் பெரிய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தனர். அத்தகைய நிறுவனங்களுக்கு ஊர்தோறும் கணினிகள் இருப்பதால், நண்பர் வீட்டில் வைக்கும் தேவை எழுவதில்லை. பதிவேட்டில் 20 என்ற எண்ணுக்கு எதிரே இருந்த எங்கள் பெயரை அவர்களே நீக்கி, நன்றி தெரிவித்து எழுதினர். அவ்வாண்டும் இனிப்புப் பெட்டி வந்தது. பெயரை நீக்கிப் பல மாதங்கள் சென்ற பின்னும், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ராபர்ட்டையும் ஜெனிபரையும் தேடி விளம்பரக் கணினிகள் எங்கள் வாயிலைத் தட்டிக்கொண்டே இருந்தன. மெய்யான கடிதம் ஒன்றேனும் அவ்வழி வரவில்லை.